மொட்டை மாடியில் எட்டு

எனக்குச் சுகர் இருக்கிறது என்பது என் மனைவிக்குத் தெரியும். எவ்வளவு இருக்கிறது என்பது தெருமுனை டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும். "சர்க்கரை கம்மியா?" என்று அவர் கேட்பதும், "இன்னிக்கு மட்டும் போடுங்க" என்று நான் சொல்வதுமாக வருடக்கணக்கில் நடந்துவந்த ஏற்பாட்டை, 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி முடித்துவைத்தார். 21 நாள் ஊரடங்கு. டீக்கடை கிடையாது, ஆபீஸ் கேன்டீன் கிடையாது, கல்யாணப் பந்தி கிடையாது. ஒரு சர்க்கரை நோயாளி கெட்டுப்போகக்கூடிய இடங்களையெல்லாம் ஒரே உத்தரவில் மூடிவிட்டார்கள். இனி இவருக்குச் சுகர் தானாக இறங்கிவிடும் என்று வீட்டில் ஏக சந்தோஷம்.

கேன்டீனே வீட்டுக்குள் குடிவரும் என்று யார் கண்டார்கள்? மகள் யூடியூப் பார்த்து டால்கோனா காபி அடித்தாள். காபித்தூள் எத்தனை ஸ்பூனோ அத்தனை ஸ்பூன் சர்க்கரையாம். இட்லி வேகவேண்டிய குக்கரில் கேக் வெந்தது. போதாக்குறைக்கு அந்த ஏப்ரலில் ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயோடு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாமே இலவசம். அரசாங்கமே மனமுவந்து கொடுக்கும்போது வேண்டாம் என்பது மரியாதையா? கோடை முற்றியதும் பங்கனப்பள்ளி தள்ளுவண்டியேறி வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

மாலையானால் சுகாதாரத்துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் அன்றைய கணக்கைச் சொல்வார். இறந்தவர்களுக்கு என்னென்ன இணை நோய்கள் இருந்தன என்ற பட்டியலில் சர்க்கரை தவறாமல் வரும். வந்ததும் கூடத்தில் இருக்கும் மொத்தத் தலைகளும் என் பக்கம் திரும்பும். கேக் தட்டு என் கையிலிருந்து நகர்ந்து, கபசுரக் குடிநீர் வரும். கசப்பு உள்ளே போனால் சர்க்கரை வெளியே போகும் என்பது அம்மாவின் வைத்தியம். குடித்து முடித்ததும் "வாய் கசக்குமேடா" என்று ஒரு துண்டு வெல்லம் நீட்டுவதும் அதே அம்மாதான்.

நடைப்பயிற்சிக்கு மொட்டை மாடி ஒன்றே கதி. எங்கள் அடுக்ககத்தில் யார் யாருக்குச் சுகர் என்ற ரகசியம் அங்கேதான் வெளியானது. காலை ஆறு மணிக்கு முகக்கவசத்தோடு பாதிக் குடித்தனம் மேலே நின்றது. யாரோ சாக்பீஸால் பெரிய எட்டு ஒன்று போட்டிருந்தார்கள். எட்டில் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. எட்டில் ஒரு வில்லங்கம் உண்டு: எல்லோரும் அதன் இடுப்பைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆறடி இடைவெளி அங்கே ஆறு அங்குலமாகிவிடும். யார் முதலில் கடப்பது என்று வயதைச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு சுகரின் அளவைச் சொன்னார்கள். அதிகம் உள்ளவருக்கு முன்னுரிமை.

வெயில் ஏறியதும் பெண்கள் ஜவ்வரிசி வடாம் பிழிய வந்தார்கள். எட்டின் மேல் வட்டம் வேட்டிகளுக்குப் போனது. எஞ்சிய பூஜ்யத்தில் நாங்கள் சுற்றினோம், கூடவே காக்காயும் விரட்டினோம்.

டாக்டரிடம் நேரில் போக முடியாது. ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25-ஆம் தேதியே மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு நெறிமுறைகள் வெளியிட்டிருந்ததால், குளுக்கோமீட்டரைப் படமெடுத்து அனுப்பினால் போதும். இங்கேதான் மூன்றாவது மாடி மேனேஜர் சாரின் மேதைமை வெளிப்பட்டது. வங்கியில் எண்களோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அவருக்கு 261. மீட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் படமெடுத்தார்: 192. டாக்டரின் பதில் உடனே வந்தது: "மீட்டர் சிரசாசனம் செய்கிறது. நீங்கள் நடந்தால் போதும்."

ஜூனில் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு. என் டாக்டர் எச்பிஏ1சி பார்க்கச் சொன்னார். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரை, டால்கோனா முதல் பங்கனப்பள்ளி வரை மூன்று மாதத்துச் சங்கதியையும் போட்டுக் கொடுத்துவிடும். இதைத் தலைகீழாகப் பிடிக்கவும் வழியில்லை.

ரத்தம் எடுக்க லேப் பையன் வந்தான். உச்சி முதல் பாதம் வரை வெள்ளைக் கவச உடை. கொரோனா வீடுகளுக்கு மாநகராட்சி தகரம் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவன் எங்கள் மணியை அழுத்தியதுமே அடுக்ககத்தின் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்பட்டன. பால்காரர் பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினார். மறுநாள் மாடியில் முழு எட்டும் எனக்கே எனக்கு, வடாம்கூடக் காயவில்லை.

சாயங்காலம் மேனேஜர் சார் போன் செய்தார். குரலில் துக்கம் விசாரிக்கும் தயக்கம்.

"ரிசல்ட் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு. 7.4."

ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு போனை வைத்துவிட்டார். மூச்சிரைக்க மாடிப்படி இறங்கி, முகக்கவசம்கூட மாட்டாமல் எங்கள் கதவைத் தட்டினார்.

"எந்த லேப் சார்?"