கரண்டி நின்னா விரதம் போச்சு

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சங்கரன்கோவில் ரதவீதிப் பக்கம் பலசரக்கு வாங்கப் போவது புத்திசாலித்தனம் அல்ல. நான் அரை கிலோ உளுந்துக்காகப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றார். பெங்களூரில் வேலை. போன வருஷம் மாட்ரிட் போய் வந்தவர். இதை நான் விசாரிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அவரே மூன்று முறை சொன்னார்.

கல்லாவில் அண்ணாச்சி. பொட்டலம் கட்டும் பழைய தாள்களைக் கிழிப்பதற்கு முன் படித்துவிடும் வழக்கம் உள்ளவர். அவருடைய சரித்திர அறிவு மொத்தமும் எடைக்கு வாங்கியது. நான் நின்ற அரை மணி நேரத்தில் காதில் விழுந்தது இது.

தம்பி: அண்ணாச்சி, டார்க் சாக்லேட் இருக்கா? எழுபது பர்சென்ட்.

அண்ணாச்சி: நம்ம கடையில எல்லாமே நூறு பர்சென்ட்தான் தம்பி. கலப்படம் கெடையாது.

தம்பி: அதில்ல, எழுபது பர்சென்ட் கொக்கோ.

அண்ணாச்சி: மிச்சம் முப்பது?

தம்பி: பெரும்பாலும் சீனிதான்.

அண்ணாச்சி: பாத்தியளா, அது கலப்படம்தானே. என்னத்துக்குக் கேக்கிய?

தம்பி: வீட்ல ஸ்பானிஷ் ஹாட் சாக்லேட் செய்யப் போறேன். மாட்ரிட்ல சான் ஹினேஸ்னு ஒரு கடை இருக்கு அண்ணாச்சி. 1894லேருந்து நடக்குது. ராத்திரி பகல் மூடுறதே இல்ல. அங்க குடுக்கிற சாக்லேட் நம்ம ஊர் மாதிரி தண்ணியா இருக்காது. கப்புல ஸ்பூனைப் போட்டா அப்படியே நிக்கும்.

அண்ணாச்சி: நிக்குதுக்கு என்ன போடுதாங்க?

தம்பி: மாவு. கார்ன் ஃப்ளவர்.

அண்ணாச்சி: பாலக் காய்ச்சி, மாவக் கரைச்சு ஊத்தி, இனிப்பு போட்டுக் கிண்டி… எங்க ஆத்தா இத உளுந்தையும் கருப்பட்டியையும் போட்டுக் கிண்டுவா. அதுக்குப் பேரு களி. அதுல ஸ்பூன் என்ன, ஆளே நிக்கலாம்.

தம்பி: ஐயோ, இது களி இல்ல. அது வேற கல்ச்சர்.

அண்ணாச்சி: சரி, கூழுன்னு வச்சுக்கிடுவோம். அளவ மட்டும் சொல்லுங்க.

(இங்கே அண்ணாச்சி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

தம்பி: அரை லிட்டர் பாலுக்கு நூறு கிராம் சாக்லேட். கார்ன் ஃப்ளவர் தலை தட்டி ஒரு டேபிள்ஸ்பூன். சீனி ரெண்டு ஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு. சின்னக் கப்புல நாலு பேருக்கு வரும்.

அண்ணாச்சி: சோள மாவு ஒரு கிலோ கட்டட்டா?

தம்பி: வேணாம் வேணாம்! சோள மாவு வேற. இது மக்காச்சோளத்துலேருந்து எடுக்கிற ஸ்டார்ச். வெள்ளையா இருக்கும். பாக்கெட்டை அமுக்குனா கறக் கறக்னு சத்தம் வரும்.

அண்ணாச்சி: ஓ, கோபி மஞ்சூரியன் மாவு! அப்படித் தமிழ்ல சொல்லுங்களேன்.

(பாக்கெட் வந்தது. சாக்லேட்டுக்காகக் குளிர்பெட்டியைத் திறந்து, பால் பாக்கெட்டுகளுக்கு அடியிலிருந்து இரண்டு எடுத்து வைத்தார்.)

அண்ணாச்சி: இது கேக் போடுத பிள்ளைய வாங்குதது, பெரிய கட்டி, விலையும் கம்மி. இது உறையில எழுபதுன்னு போட்டுருக்கு. ஆனா மேல வெள்ளையாப் பூத்துப் போச்சு. விலையில பாதி குடுங்க, போதும்.

தம்பி: பெரிய கட்டி காம்பவுண்ட் அண்ணாச்சி. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு போட்டிருக்கான். பாருங்க, பின்னாடி எழுதியிருக்கு.

அண்ணாச்சி: அதுலா வெயிலுக்கு அசையாம இருக்கு.

தம்பி: அதனாலதான் வாயிலயும் அசையாம இருக்கும். நெஜ கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில உருகிடும். ஒடம்புச் சூட்டை விடக் கம்மி. அதான் நாக்குல வச்சதும் கரையுது.

அண்ணாச்சி: 34ஆ? அது நம்மூர்ல காலம்பற பத்து மணி.

தம்பி: இந்த வெள்ளை அதுனால வந்ததுதான். வெயில்ல உருகுன வெண்ணெய் மேல வந்து திரும்ப உறைஞ்சிருக்கு. பூசணம் இல்ல, கெட்டும் போகல. எப்படியும் பால்ல போட்டு உருக்கத்தானே போறேன்.

அண்ணாச்சி: கெட்டுப் போகலையா?

தம்பி: கொஞ்சம் கூட.

அண்ணாச்சி: அப்ப முழு விலை.

(அறிவைப் பொது இடத்தில் செலவு செய்தால் இப்படித்தான். தம்பி ஒரு விநாடி வாயடைத்து நின்றார். பிறகு மாட்ரிட் ஞாபகம் வந்து தெளிந்தார்.)

தம்பி: விஸ்க் இருக்கா? அங்க அந்தக் காலத்துல மோலினீயோன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. மரத்துல செஞ்சது. அடியில உருண்டையா, பள்ளம் பள்ளமா செதுக்கியிருப்பாங்க. காம்பை ரெண்டு கைக்கும் நடுவுல வச்சு உருட்டுனா நுரை பொங்கும்.

அண்ணாச்சி: தலைக்கு மேல பாருங்க.

தம்பி: …அது மத்து.

அண்ணாச்சி: அவன் பாசையில மோலினீயோ. ஒண்ணு போடட்டா?

தம்பி: (வேறு வழியில்லாமல்) போடுங்க.

அண்ணாச்சி: கிண்டுத முறையச் சொல்லுங்க.

தம்பி: மாவை ஆறின பால் கொஞ்சத்துல கரைக்கணும். கொதிக்கிற பால்ல நேரா கொட்டுனா கட்டி தட்டும்.

அண்ணாச்சி: இதச் சொல்லிக் குடுக்க மாட்ரிட்ல ஆள் இருக்கா!

தம்பி: மீதிப் பாலைக் காய்ச்சி, சாக்லேட்டைப் பொடியா நறுக்கிப் போட்டு, கரைஞ்சதும் மாவுப் பாலை ஊத்தணும். கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூணு நாலு நிமிஷம் கை விடாமக் கிண்டணும். கரண்டி முதுகுல விரலால ஒரு கோடு போட்டா, கோடு அழியாம நிக்கணும். அதான் பதம்.

அண்ணாச்சி: தப்பு. அதுக்குச் சித்த முந்தியே எறக்கணும். மாவுச் சரக்கு ஆற ஆற இறுகும். கோடு நிக்குத வரைக்கும் அடுப்புல வச்சா, கப்புக்குப் போறதுக்குள்ள அல்வாதான்.

(தம்பி கைப்பேசியில் இதைக் குறித்துக்கொண்டார். எந்த விருந்தில் யாருடைய அனுபவமாக இது வெளிவரும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.)

அண்ணாச்சி: சீனிக்குப் பதிலா உடன்குடி கருப்பட்டி போட்டா என்ன? எறக்குன பொறவு போடணும், இல்லன்னா பாலு திரிஞ்சாலும் திரியும்.

தம்பி: அப்புறம் அது எப்படி ஸ்பானிஷ் ஆகும்?

அண்ணாச்சி: கொக்கோ என்ன அவன் தோட்டத்துலயா காய்ச்சுது? இந்தியாவுல மொத மொதல்ல கொக்கோ நட்ட எடம் எது, சொல்லுங்க பாப்போம்.

தம்பி: கேரளா?

அண்ணாச்சி: குற்றாலம்! 1798. கும்பினிக்காரன் ஒலாந்தாக்காரங்கிட்ட இருந்து அம்போன் தீவப் புடிச்சான்லா, அங்கேருந்து கொண்டாந்து நட்டது. சாதிக்காய், கிராம்போட சேந்து வந்துச்சு. போன மாசம் கடலமாவு மடிச்ச தாள்ல இருந்துச்சு.

தம்பி: கடலமாவுத் தாளை நம்பி… (கைப்பேசியில் தேடுகிறார். முகம் மாறுகிறது.) அட, ஆமா.

அண்ணாச்சி: அதே 1798லதான் கலெக்டர் ஜாக்சன் தொர கட்டபொம்மன வரச் சொல்லிட்டு, குற்றாலத்துல பாக்காம, சொக்கம்பட்டி, சேத்தூரு, சீவில்லிபுத்தூருன்னு ஊரு ஊரா அலைய விட்டு, கடேசில ராம்நாட்டுல வச்சுப் பாத்தான். ஒருத்தன் கப்பம் கேட்டு மனுசன ஓட விடுதான், இன்னொருத்தன் அருவிக் கரையில செடி வைக்கான். ஆக மொத்தம், சாக்லேட்டு நம்ம திருநெல்வேலிச் சீமையோடது.

தம்பி: அண்ணாச்சி, நட்டா நம்மளது ஆயிடுமா? மரம் அமெரிக்கக் கண்டத்து மரம். மெக்சிகோவுல அஸ்டெக்ஸ் அதைத் தண்ணியில கரைச்சு, மிளகாய் போட்டுக் குடிச்சாங்க. கொக்கோக் கொட்டையைக் காசாவே வச்சிருந்தாங்க. 1519ல கோர்த்தெஸ் போய் இறங்குன பிறகுதான் ஸ்பெயின்காரங்களுக்கு அது பழக்கமாச்சு. மிளகாயை எடுத்துட்டு சீனியும் பட்டையும் போட்டது இவங்க.

அண்ணாச்சி: வத்தலா? வத்தலப் போட்டா குடிச்சாங்க? சங்கரன்கோவிலுக்கு அது தெரியாமப் போச்சே! ஒரு மூட வத்தல் கெடக்கு.

தம்பி: அந்த மிளகாயும் அங்கேருந்து வந்ததுதான். தக்காளி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், எல்லாமே.

அண்ணாச்சி: (கடையை ஒரு சுற்று பார்த்து) அப்ப என் கடையில பாதிக்குப் பட்டா அங்கயா இருக்கு?

தம்பி: மிளகும் உளுந்தும் நம்மளது.

அண்ணாச்சி: அது போதும். அதான் களி கிண்டுதோம்.

(உளுந்து என்றதும் நான் தொண்டையைச் செருமினேன். இருவருக்கும் கேட்கவில்லை.)

அண்ணாச்சி: வீட்ல அம்மைக்கும் ஒரு கப்பு குடுப்பியளா?

தம்பி: அம்மா தபசு விரதம். சாமி கோமதியம்மனுக்குக் காட்சி குடுக்கிற வரைக்கும் பால், தண்ணி தவிர ஒண்ணும் கிடையாது.

அண்ணாச்சி: இது பாலுதானே?

தம்பி: ஸ்பெயின்லயும் இந்தச் சண்டை நடந்திருக்கு அண்ணாச்சி! சாக்லேட் குடிச்சா விரதம் முறியுமா முறியாதான்னு சாமியார்களுக்குள்ள பெரிய தகராறு. அந்தோனியோ தெ லெயோன் பினேலோன்னு ஒருத்தர் 1636ல இதுக்குன்னே ஒரு புஸ்தகம் போட்டார். பின்னாடி பிரான்காச்சோன்னு ஒரு கார்டினல், குடிக்கிற பொருள் விரதத்தை முறிக்காதுன்னு சொல்லிட்டார்.

அண்ணாச்சி: பெரிய பதவியா அது?

தம்பி: போப்புக்கு அடுத்த படி.

அண்ணாச்சி: நல்லது. ஆனா நீங்க ஸ்பூன் நிக்கணும்னு சொல்லுதியளே. ஸ்பூன் நின்னா அது குடிக்கது இல்ல, திங்கது. கரண்டி சாஞ்சா விரதம் நிக்கும். கரண்டி நின்னா விரதம் போச்சு. அம்மைக்கு மட்டும் மாவக் கொறச்சுப் போடுங்க.

தம்பி: (யோசித்து) லாஜிக்கா சரிதான். சரி, சுர்ரோஸ் மாவுக்கு மைதா அரை கிலோ. கொதிக்கிற வெந்நீர்ல பிசைஞ்சு, நட்சத்திர அச்சுல எண்ணெய்க்குள்ள பிழியணும். இதுல தொட்டுத்தான் சாப்பிடுவாங்க.

அண்ணாச்சி: முள்ளு முறுக்கு. அச்சு மத்துக்குப் பக்கத்துல தொங்குது. ஒண்ணு கேக்கேன், ஸ்பெயின்ல ஒவ்வொரு வீட்டுலயும் இப்படித்தான் நறுக்கி, கரைச்சு, கிண்டுதாங்களா?

தம்பி: இல்ல. நிறைய பேர் மாவு கலந்தே வர்ற கட்டி, இல்லன்னா பொடி வாங்கிப் பால்ல போட்டுடுவாங்க. சோம்பேறிங்க.

அண்ணாச்சி: பொடியாவே வருதா? கொக்கோப் பொடி, சீனி, இந்த மாவு. அவ்ளதானே?

தம்பி: அவ்ளோதான். ஆனா அது ஒரிஜினல் ஃபீல் வராது.

அண்ணாச்சி: வராது, வராது. (எழுதுகிறார்.)

தம்பி மத்து, அச்சு, மைதா, வெள்ளை பூத்த சாக்லேட் எல்லாவற்றோடும் கிளம்பினார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, “உமக்கு என்னவே, உளுந்தா? அத முதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார்.

தபசு அன்று அந்தப் பக்கம் போனேன். பருத்தியும் வத்தலும் சூறை விட்ட கூட்டம் கலைந்து தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கடை வாசலில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் கொத்தாகத் தொங்கின. தம்பி பெங்களூர் நண்பர்களுக்கு என்று ஆறு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிலேட்டுப் பலகையில் சாக்கட்டி எழுத்து:

“ஸ்பெயின் சாக்லேட் கூழ் மாவு. குற்றாலப் பாரம்பரியம். விரதத்துக்கு உகந்தது. கரண்டி நிற்காத பதத்தில் இறக்கவும்.”