நேரே போகவும்

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களே, வழிகாட்டும் செயலியைக் குரல் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் மாமா திட்டுவார். செயலி எத்தனை முறை தவறினாலும் கோபிக்காமல் புது வழி சொல்லும்.

2012இல் ஆஸ்திரேலியாவில் மூன்று ஜப்பானிய மாணவர்கள், ஜிபிஎஸ் சொன்னதென்று தீவுக்குப் போகக் காரைக் கடற்சேற்றிலேயே இறக்கினார்கள். வற்றிய கடல் திரும்பி வந்தது. விசுவாசம் என்றால் அதுதான்!

நமக்கு உச்சமுனைத் தீவு போதும். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வந்தேன். இறங்குதுறையில் வள்ளக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, இனி றோட்டு இல்ல."

காரை விட்டு வள்ளத்தில் ஏறினேன். நடுக்களப்பில் செயலி, முடிந்தால் திரும்பச் சொன்னது. அவர் பாவிப்பது எந்தச் செயலி என்று கேட்டேன். தூரத்தில் நின்ற ஒற்றைத் தென்னையைக் காட்டினார்.

சார்ஜ் போடத் தேவையில்லையாம்.