இதுக்கு எத்தனை கிலோ ஓட்டோணும்?

திருப்பூரில் நிட்டிங் கூலி கிலோவுக்கு ஐம்பது பைசா கூட்டிக் கேட்டால் பார்ட்டி நூலைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட ஊரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்திக்கொண்டு, இரண்டு சிலிண்டர் இத்தாலி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றையும் கட்டித் தீனி போடுகிறவன் நான். பேங்க் மேனேஜர் காதில் விழுந்தால் கேஷ் கிரெடிட் லிமிட்டைக் குறைத்துவிடுவார் என்பதால் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சிவப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாங்கியது செகண்ட் ஹேண்டில். புதிதாக வாங்கலாம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் சுங்கவரி 2018 பட்ஜெட்டுக்குப் பிறகு 50 சதவீதம். 2025 பட்ஜெட்டில் மனமிரங்கி 1600 சிசி வரைக்கும் 40 ஆக்கினார்கள். அப்பாடா என்று எழுந்திருப்பதற்குள், அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்று வந்தது. நான் துணி ஓட்டிக் கொடுத்துப் போடுகிற பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஐந்தில் சம்பாதித்து நாற்பதில் செலவழிக்கிறவனுக்குப் பெண் கொடுத்த மாமனார் இன்று வரை பொறுமையாக இருக்கிறார் என்றால், அவருக்கு ஜிஎஸ்டி தெரியாது என்பதுதான் காரணம்.

அவர் மகளுக்குத் தெரியும். யூனிட் கணக்கு முழுக்க என் சம்சாரம் கையில். சண்டை போடுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. பைக் சம்பந்தமான பில் எது வந்தாலும் கால்குலேட்டரை எடுத்து கூலி ரேட்டால் வகுத்துவிட்டு, சாதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "ஏனுங்க, இதுக்கு எத்தனை கிலோ ஓட்டோணும்?" கிளட்ச் பிளேட் செட்டுக்குச் சொன்ன கிலோவைக் கேட்டபோது எனக்கே மெசின் சத்தம் காதுக்குள் ஓடியது. ரோலுக்கு இருபது கிலோ என்று வைத்தால்கூட, அத்தனை ரோலையும் வைக்க யூனிட்டில் இடம் பத்தாது.

இத்தாலிக்கும் திருப்பூருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று அவளிடம் வாதாடிப் பார்த்தேன். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். உள்நாட்டுக்கு பனியன் தைத்துக் கொண்டிருந்த ஊர் கடல் தாண்டிப் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். 1981இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ வந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கமே அமைந்தது. ஊரே சேர்ந்து யூரோ யூரோவாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது, ஒருத்தனாவது கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தானே உறவு நிலைக்கும் என்றேன். "அந்த ஒருத்தன் எக்ஸ்போர்ட்டரா இருந்தாத் தேவுலீங்க. நாம ஜாப் ஒர்க்" என்றாள்.

எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் இத்தாலிச் சரக்கு அப்பாவின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். மிலானில் இன்னொசென்டி கம்பெனி வடிவமைத்தது, பம்பாயில் ஏபிஐ கம்பெனி பூட்டிக் கொடுத்தது. (இன்னொசென்டி ஸ்கூட்டர் கடையைக் கட்டியபோது அந்த மெசின்களை 1972இல் லக்னோவுக்கு வாங்கி வந்தது நம் அரசாங்கம்தான்.) முன்னால் நான் நிற்பேன், காலடியில் நூல் மூட்டை, பின்னால் ஆத்தா, கொக்கியில் தூக்குப்போசி. அவர் அந்த இத்தாலி வண்டியில் சம்பாதித்தார், மகன் இந்த இத்தாலி வண்டியில் அதைக் கரைக்கிறான் என்பதை ஆத்தா வீட்டுக்கு வருகிற ஒறம்பரை அத்தனை பேருக்கும் காப்பிக்கு முன்பே சொல்லிவிடுவாள். என் பைக்கில் கொக்கி கிடையாது. ஊத்துக்குளிப் பக்கம் போனால் வெண்ணெய் வாங்கி வரச் சொல்வார்கள். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரலாம், ஆனால் பின் சிலிண்டரின் சூட்டில் வீடு சேரும்போது நெய்யாகிவிடும்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி இத்தாலியில் சரியாகத் தெரிந்தவர் என்று நான் நினைப்பது கொராடினோ தஸ்கானியோவை. ஆகாய விமான இன்ஜினியர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது: செயின் கிரீஸ் துணியில் படும், டயர் பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு, ஏறி உட்கார வசதியில்லை. இந்தக் குறைகளையெல்லாம் நீக்கி பியாஜியோ கம்பெனிக்காக 1946இல் வெஸ்பாவைச் செய்து கொடுத்தார். தஸ்கானியோவின் பெயரைக் கேள்விப்படாமலேயே என் சம்சாரம் அவருடைய காரணங்கள் அத்தனையையும் ஒரே பயணத்தில் கண்டுபிடித்தாள். பில்லியன் சீட் என்ற பெயரில் வைத்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஏறவில்லை.

இத்தாலி இன்ஜினின் அருமையை இந்த வட்டாரத்தில் ஒரே ஆள்தான் கண்டுகொண்டான். அவன் எங்கள் நிட்டிங் பிட்டர். டுகாட்டியின் டெஸ்மோ வால்வைப் பற்றி ஒருநாள் டீ நேரத்தில் சொன்னேன். (என் வண்டியில் டெஸ்மோ உண்டா இல்லையா என்று சொன்னால் கம்பெனி தெரிந்துவிடும், விடுங்கள்.) சாதாரண இன்ஜினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். அந்தக் கால ஸ்பிரிங்குகள் அதிவேகத்தில் ஈடுகொடுக்காமல் தடுமாறின, உடைந்தன. பாபியோ தலியோனி என்கிற இன்ஜினியர் 1956இல் 125 சிசி ரேஸ் பைக்கில் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, திறக்க ஒரு கேம், மூட ஒரு கேம் என்று வைத்தார். போலோன்யாவில் 1926இல் ரேடியோ சாமான் செய்யப் புறப்பட்ட கம்பெனி உலகப் புகழ் பெற்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இப்படி நான் கண்கள் பனிக்கச் சொல்லி முடித்ததும், பிட்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீடில் ஏர்றதும் கேம், எறங்கறதும் கேம். நம்ம மெசினு மாதிரிதானுங்ணா?"

வாயடைத்துப் போனேன். உண்மைதான். வட்ட நிட்டிங் மெசினில் ஒவ்வொரு ஊசியின் அடிக்கட்டையும் கேம் பாதைக்குள் ஓடுகிறது. மேலே தள்ளுவதும் கேம்தான், கீழே இழுப்பதும் கேம்தான். ஊசியைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. முப்பது இஞ்ச் டயா, 24 கேஜ் மெசினில் ஏறக்குறைய 2260 ஊசி. ஒன்று மக்கர் பண்ணினாலும் துணியில் நீடில் லைன் விழுந்து பார்ட்டி ரிட்டர்ன் அனுப்பிவிடுவார். போலோன்யாவில் எந்த அதிசயத்தைக் கொண்டாடுகிறார்களோ அதை நான் கிலோ கூலிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் ராத்திரி ஷிப்டிலும்.

"எத்தனை வால்வுங்ணா?"

"ரெண்டு சிலிண்டர்ல எட்டு."

"எட்டுக்கா அத்தன காசு?"

எட்டு வால்வுக்கும் திறக்கிற இடைவெளி, மூடுகிற இடைவெளி என்று பதினாறு அளவு. ஒவ்வொன்றையும் பீலர் கேஜ் விட்டுப் பார்த்து, தேய்ந்திருந்தால் ஷிம் மாற்ற வேண்டும். டேங்க், ஃபேரிங் எல்லாவற்றையும் கழற்றினால்தான் கையே உள்ளே போகும். கூலி அதற்குத்தான் என்று விளக்கினேன். 2020 முதல் டுகாட்டிக்காரர்களே சில இன்ஜின்களில் ஸ்பிரிங்குக்குத் திரும்பி, ஒன்றில் வால்வு செக்கை 60,000 கிலோமீட்டருக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப அவுங்களும் காஸ்டிங் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்ணா" என்றான்.

வண்டி நிற்பது யூனிட்டுக்குள்தான். வீட்டு போர்டிகோவில் ஆத்தாவின் வடகம் காய்கிறது. ஆனால் யூனிட்டுக்குள் பஞ்சு. காட்டன் நூல் ஓடுகிற இடத்தில் பறக்கிற பஞ்சு ரேடியேட்டர் இதழ்களுக்கிடையில் படிந்து, இரண்டு வாரத்தில் வெள்ளைப் போர்வை போர்த்திவிடும். காற்றுப் போகாமல் இன்ஜின் கொதிக்கும். ஏர் பில்டரும் அடைத்துக்கொள்ளும். மெசின் துடைக்கிற ஏர் கன்னை எடுத்துப் பக்கத்தில் வைத்து அடித்தால் ரேடியேட்டர் இதழ் மடங்கிவிடும். தள்ளி நின்று, உள்பக்கமிருந்து வெளியே ஊத வேண்டும். இத்தாலிக்காரன் கொடுத்த கையேட்டில் பாலைவனத் தூசி பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது, பஞ்சு பற்றி இல்லை. ஒரு சௌகரியம் உண்டு: வண்டி துடைக்க பனியன் வேஸ்ட் ஊரில் மலைமலையாகக் கிடைக்கும். உலகத்தில் வேறெங்கும் எந்த இத்தாலி பைக்கும் இவ்வளவு நல்ல கோம்டு காட்டனால் துடைக்கப்பட்டிருக்காது. கட்டிங் வேஸ்டில் வந்த சில துண்டுகளில் இத்தாலிய பிராண்டின் பிரிண்ட்கூட இருக்கிறது.

பெரிய சர்வீஸ் என்றால் வெளியூர்தான். துணி ரோல் ஏற்றுகிற அதே சின்ன யானையில், ரோல்களுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டி அனுப்புகிறேன். ஒரு பட்டறையில் "பார்ட் இத்தாலியிலேர்ந்து வரணும் சார்" என்று சொல்லிக் கொண்டே ஒரு மழைக்காலத்தை ஓட்டினார்கள். என் பார்ட்டிகளிடம் "நூல் இன்னும் வரலைங்க" என்று நான் சொல்கிற அதே குரல். அதனால் கோபப்பட முடியவில்லை. தொழில் தர்மம்.

டூர் போவதுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்தால் ஞாயிறு யூனிட் லீவு. பல்லடம், சுல்தான்பேட்டை, நெகமம், பொள்ளாச்சி, ஆழியாறு, அப்புறம் நாற்பது கொண்டை ஊசி ஏறினால் வால்பாறை. நான் பைக்கில் முன்னால் போவேன். சம்சாரம், பிள்ளைகள், ஆத்தா, புளிசோறு நால்வகையும் காரில் பின்னால் வரும் என்பது திட்டம். பல்லடம் நால்ரோட்டு நெரிசலில் நிற்கும்போது பின் சிலிண்டர் வலது தொடையை வேகவைக்கும். அதைத் தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி ஆடியில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று என்னையும் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோகும். காற்றாலைக்காரர்களுக்காவது கரண்ட் காசு வருகிறது. கார் எப்போது என்னைத் தாண்டிப் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் தாழ்ந்த ஹேண்டில் பிடித்த கழுத்தால் நிமிர்ந்து பார்க்க இயலாது.

மலையில் இன்னொரு விசேஷம். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும். கொண்டை ஊசியில் மேலிருந்து அரசு பஸ் இறங்கினால், வண்டியை முன்னும் பின்னும் காலால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது, எக்ஸெல்லில் இளநீர்க் குலை கட்டிக்கொண்டு வந்த பெரியவர் நிறுத்தி, "நின்னு போச்சுங்களா தம்பி? கவுறு இருக்குது, கட்டி இழுக்கட்டுங்களா?" என்றார். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். அங்கிருந்து ஆழியாறு அணையைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது புளிசோறு தீர்ந்திருந்தது.

என் பக்கம் சரித்திரம் இருக்கிறது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். பஞ்சில் வந்த காசு பெட்ரோலில் போவது கொங்கு நாட்டில் புதிதில்லை. கோவை நூற்பாலைக் குடும்பத்துக் கரிவரதன் ரேஸ் கார்களைத் தானே கட்டினார். ஃபார்முலா மாருதி கார் அவர் கைவேலை. அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. என் வண்டியின் மேல் கியர்களுக்குச் சட்டப்படி வேலை கிடைக்கிற இடம் அது. இந்தப் பரம்பரையை எடுத்துச் சொன்னபோது சம்சாரம், "அவுங்களுக்கு மில்லு இருந்துதுங்க" என்றாள்.

கடைசியில் இத்தாலி பைக்குகளின் பிறந்த ஊர் விவகாரமும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு டுகாட்டிக்குத் தாய்லாந்தில் ராயோங் மாகாணத்தில் பேக்டரி இருக்கிறது, இந்தியாவுக்கு அங்கிருந்தும் வருகிறது. 2023இல் வந்த அப்ரிலியா ஆர்எஸ் 457 பூட்டப்படுவது மகாராஷ்டிரத்து பாராமதியில். இத்தாலிக்காரன் பெயர் போட்ட டி-சர்ட்டைத் திருப்பூரில் தைக்கலாம் என்றால் இத்தாலிக்காரன் பெயர் போட்ட பைக்கை பாராமதியில் பூட்டக் கூடாதா என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்: "அப்ப அங்கயும் ஜாப் ஒர்க்குத்தானுங்களா? கூலி என்ன குடுக்கறாங்கன்னு விசாரிங்க."

இதையெல்லாம் படித்த பிறகும் செகண்ட் ஹேண்டில் இத்தாலி பைக் வாங்கத் துடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ட் ஓடுகிற இன்ஜினாக இருந்தால் டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றிய தேதியைக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, பில்லைக் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் இன்ஜின் காசு இன்னொரு வண்டிக் காசு. வால்வு செக் எந்தக் கிலோமீட்டரில் நடந்தது என்று சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் இதழ்களை டார்ச் அடித்துப் பாருங்கள். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்காதீர்கள்; சொல்கிறவர் தன் வீட்டில் சொல்லி வைத்திருக்கிற எண்ணைத்தான் உங்களிடமும் சொல்வார்.

இன்னொன்று. என் வண்டி விற்பனைக்கு இல்லை. விலை கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து யூனிட் லேண்ட்லைனுக்குக் கூப்பிடாதீர்கள். பகலில் அதை எடுப்பது சம்சாரம்; கிலோ ரேட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.