கில் ஹாட்ஜஸின் மட்டையும் பாட்டியின் செபமாலையும்: ஒரு விளைவு ஆய்வு

பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே சூரன். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1952 உலகத் தொடரில் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர் கில் ஹாட்ஜஸ் நிகழ்த்தியதன் கனம் புரியும். யாங்கீஸுக்கு எதிராக ஏழு ஆட்டம், 21 வாய்ப்பு, ஒரு ஹிட்கூட இல்லை. அடுத்த வசந்தத்திலும் மட்டை வாய் திறக்கவில்லை.

ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் வாய்க்குப் பேர்போனவர்கள். ஆனாலும் ஹாட்ஜஸை ஏசவில்லை. செபமாலையும் உத்தரியமும் தபாலில் அனுப்பினார்கள். 1953இல் ஒரு புழுக்கமான ஞாயிறு, புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலில் ஹெர்பர்ட் ரெட்மண்ட் சாமியார், இந்த வெக்கையில் பிரசங்கம் எதற்கு, வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று முடித்துக்கொண்டார். (பிரசங்கத்தைச் சுருக்கியதற்கே அவருக்குத் தனி ஆய்வு தகும்.)

இங்கே ஆராயப்படும் குடும்பம் கற்பனைதான். ஆனால் அன்றைய ப்ரூக்ளினில் தெருவுக்கு நாலு தேறும். பாட்டி, மகன், மருமகள், பேரன், ஒரு வானொலி.

ஏன் ஏசவில்லை என்பதற்கு மருமகளின் விளக்கமே இதுவரை வந்தவற்றில் சிறந்தது. ஹாட்ஜஸ் இண்டியானாவில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்தவர்; 1948இல் ப்ரூக்ளின் பெண் ஜோன் லொம்பார்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறியவர். ஆக, ஊர் மாப்பிள்ளை. அதிலும் தவறாமல் பூசை காண்கிற மாப்பிள்ளை. அவரை எப்படித் திட்டுவது?

1953 முடிவில் ஹாட்ஜஸின் சராசரி .302, ஹோம் ரன் 31. இங்கேதான் குடும்பம் இரண்டு பள்ளிகளாகப் பிரிகிறது. மகன் படச்சுருள்வாதி. மேலாளர் சார்லி டிரெஸ்ஸன் ஆட்டத்தைப் படம்பிடித்துக் காட்டினார். பந்து வரும்போது கால் விலகிப் போவதை ஹாட்ஜஸே பார்த்துத் திருத்திக்கொண்டார். இதில் செபத்துக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. படம் பிடிக்கும் புத்தியை டிரெஸ்ஸனுக்குக் கொடுத்தது யார் என்று பாட்டி கேட்கிறார். ஆய்வு முறையியலில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

மகனிடம் இன்னோர் ஆயுதம் இருந்தது. 1953 உலகத் தொடரில் ஹாட்ஜஸ் .364 அடித்தும் கோப்பை யாங்கீஸுக்கே போயிற்று. அங்கே யோகி பெர்ராவும் கத்தோலிக்கர்தானே, எதிர்ச் செபம் செல்லுபடியாகிவிட்டதா? பாட்டி அசரவில்லை. "சாமியார் கில்லுக்குத்தான் கேட்கச் சொன்னார். கோப்பையை யார் கேட்டது?"

செபத்தின் வாசகம் பிறகு விரிவாக்கப்பட்டிருக்க வேண்டும். 1955 அக்டோபர் 4, ஏழாவது ஆட்டம், டாட்ஜர்ஸ் 2, யாங்கீஸ் 0. இரண்டு ஓட்டமும் ஹாட்ஜஸ் உபயம். ப்ரூக்ளினுக்கு முதல் உலகத் தொடர் வெற்றி.

1957 சீசன் முடிந்ததும் அணி மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. டாட்ஜர்ஸ் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு செபம் தேவைப்படும் என பாட்டிக்குத் தோன்றவே இல்லை.