முதுகைப் பார்த்துக் குலம் சொல்பவர்

பதிப்பு ஒப்பிடுவோர் என்பது டாரட் சீட்டு சேகரிப்பவர்களுக்குள் ஒரு தனிச் சாதி. ஒரே சீட்டுக்கட்டை இருபது தடவை வாங்கி, இருபதும் வேறு வேறு என்று நிரூபிப்பது இவர்களுடைய வேலை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இவர்களைக் காணலாம். டாரட் என்பது 78 சீட்டுகள் கொண்ட கட்டு. அதைக் கலைத்து, கைக்கு வந்த சீட்டின் படத்தை வைத்து வருங்காலம் சொல்வார்கள். கிளி இல்லாத கிளி ஜோசியம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழையில்லை. ஒப்பிடுவோருக்கோ வருங்காலத்தில் எள்ளளவும் அக்கறை கிடையாது. இந்தச் சீட்டு எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எந்த அட்டையில் அச்சானது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. தன் கட்டை யாராவது கலைக்கப்போனால் அவர் பதறும் பதற்றம், பட்டுப்புடவையால் தரை துடைக்கக் கண்டவரின் பதற்றம்.

இவருடைய குலதெய்வம் 1909 டிசம்பரில் லண்டன் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்ற மறைஞான எழுத்தாளர் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தது. அதற்கு முந்தைய கட்டுகளில் பெரும்பாலும் ‘கிண்ணம் ஐந்து’ என்றால் ஐந்து கிண்ணங்கள் மட்டும் இருக்கும். பமீலா அதில் ஓர் ஆளை நிறுத்தினார்: கறுப்பு அங்கி போட்டு, கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களைப் பார்த்துத் தலை குனிந்து நிற்பவர், பின்னால் நிமிர்ந்திருக்கும் இரண்டு அவர் கண்ணில் படவில்லை. இப்படி எல்லாச் சீட்டுக்கும் கதை கிடைத்துவிட்டதால்தான் இந்தக் கட்டு பரவியது. வேலை பெரிது, கூலி சொற்பம் என்று பமீலாவே அந்த ஆண்டு ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் உள்ள பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். அதே சீட்டுகளின் முதல் அச்சு இன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு போகிறது. ஒப்பிடுவோர் இதைச் சொல்லிக் கண் கலங்குவார். கலங்கியபடியே ஏலத்தில் கை தூக்குவார். பமீலாவுக்குச் செய்யும் பிராயச்சித்தமாக ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருக்கிறார். ‘ரைடர் கட்டு’ என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்: ‘வெயிட்–ஸ்மித்’ என்று சொல்ல வேண்டும்.

பமீலாவின் மூல ஓவியங்கள் தொலைந்துபோயின. ஒப்பிடுவோரின் பிழைப்பு நடப்பதே அதனால்தான். மூலம் கையில் இருந்தால் எந்த அச்சு அதற்கு நெருக்கம் என்று ஒரே நாளில் தீர்த்துவிடலாம்; இல்லாததால் ஆயுள் முழுவதும் தீர்க்காமல் இருக்கலாம்.

குலம் பிரிப்பது முதுகிலிருந்து தொடங்குகிறது. படமுள்ள பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதல் அச்சின் முதுகில் ரோஜாவும் அல்லியும் இருக்கும். 1910இல் நல்ல அட்டையில் மறுபடி அச்சிட்டபோது முதுகை மாற்றினார்கள். புதிய கோலம், கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிச் சேறு போன்றது. பூப்போட்ட முதுகைக் காணக் கொடுத்துவைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் வெடித்த சேற்றிலேயே திருப்தி அடைகிறார்கள். ரைடர் பழைய காலத்தில் அச்சிட்டவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் பமீலாவின் பெயரையே சுருக்கி பாம்–ஏ, பாம்–பி, பாம்–சி, பாம்–டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து வரிசைதான் கால வரிசையா என்று மட்டும் அவர்களிடம் கேட்கக் கூடாது. கேட்டவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர முடியாது.

அடுத்தது ஐம்புலப் பரிசோதனை. கண்ணுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. கல்லச்சுச் சீட்டில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே ஏறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் கூடிச் சின்னச் சின்னப் பூவாகத் தெரியும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி, உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறியிருந்தால் சிவகாசி அச்சகத்தில் அந்தத் தாளைக் கழித்துப் போடுவார்கள். இவரோ அதற்குத் தனி உறை போடுவார். சூரியன் சீட்டில் ரோமன் எண்ணுக்கு அருகே வரும் ஒரு நெளிகோட்டைப் பற்றி மட்டும் இவர் ஒரு மணி நேரம் பேசுவார். கதிர் என்றும் சொல்ல முடியாத, கைப்பிசகு என்றும் தள்ள முடியாத கோடு அது. காதுக்கு, கட்டின் ஓரத்தை விரலால் வருடும்போது எழும் சரசரப்பு. மூக்குக்குப் பழைய நூலக வாடை. அதற்கும் மேல் புற ஊதா விளக்கு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மையைக் கூட்டச் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். 1910இல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சீட்டு நீலமாகச் சிரித்தால் கதை முடிந்தது. ஐம்புலனில் நாக்கு ஒன்றுதான் மிச்சம். அதையும் யாராவது முயன்றிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இவர் மிகவும் ரசிக்கும் மனிதர், மஞ்சள் பெட்டியோடு வரும் புதியவர். அமெரிக்காவின் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் விற்கும் கட்டு அது. உலகெங்கும் இந்தப் படங்களைக் கொண்டுபோனதும் அதுவே. சீட்டின் அடியோரத்தில் 1971 என்று பொடி எழுத்தில் இருக்கும். பாட்டி காலத்துப் பெட்டி கிடைத்துவிட்டதாகப் புதியவர் பூரிப்பார். அது காப்புரிமை ஆண்டு, அச்சான ஆண்டில்லை. போன மாதம் அச்சானதிலும் அதுதான் இருக்கும் என்று ஒப்பிடுவோர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துச் சொல்வார். பிறகு பெட்டியின் அடியைத் திருப்பி, சுவிட்சர்லாந்தா பெல்ஜியமா இத்தாலியா சீனாவா என்று பார்ப்பார். சீனா என்றிருந்தால் பெட்டி மரியாதையோடு திருப்பித் தரப்படும்.

புதிய பதிப்புகளிடம் இவர் மாமியார் முறை. 1968இல் வந்த அல்பானோ–வெயிட் கட்டைக் காட்டினால் ‘என்ன நிறம் இது, மிட்டாய்க் கடையா?’ என்பார். 1990இல் மேரி ஹான்சன்–ராபர்ட்ஸ் மென்மையாக நிறம் தீட்டிய யுனிவர்சல் வெயிட் அவருக்கு அளவுக்கு மீறிப் பவுடர் பூசிய முகம். 2009இல் நூற்றாண்டு விழாக் கட்டு பழைய மங்கல் நிறத்தையே கொண்டுவந்தபோது, மங்கல் போதவில்லை என்றார். மூன்றும் அவர் அலமாரியில் இருக்கின்றன. குறை சொல்வதற்காகவே வாங்கியவை.

இந்தச் சாதியின் கிளையொன்று தோத் என்ற இன்னொரு டாரட் கட்டைச் சுற்றி வாழ்கிறது. அலெய்ஸ்டர் கிராலி என்ற மறைஞானி சொல்லச் சொல்ல, ஃப்ரீடா ஹாரிஸ் என்ற ஓவியர் 1938 முதல் 1943 வரை வரைந்த படங்கள். கிராலி 1947இலும் ஹாரிஸ் 1962இலும் கண்மூட, கட்டு முழுதாக வெளிவந்தது 1969இல். ஏஜிமுல்லர் நிறுவனத்தின் வெளியீட்டில் மந்திரவாதி சீட்டுக்கு ஹாரிஸ் வரைந்த மூன்று வடிவங்களையும் சேர்த்ததால் 78 என்பது 80 ஆகிவிட்டது. குறி சொல்பவர்கள் இரண்டு மந்திரவாதிகளை ஒதுக்கிவிட்டு மறந்துபோகிறார்கள். அவர்கள் கட்டை விற்க வரும்போது, ஒப்பிடும் கிளையார் முதலில் எண்ணுவது மந்திரவாதிகளைத்தான்.

குடும்பத்தாருக்கு இதெல்லாம் விளங்குவதில்லை. பதினான்கு பெட்டி, பதினான்கிலும் ‘முட்டாள்’ சீட்டில் அதே ஆள் அதே பள்ளத்தின் விளிம்பில், அதே வெள்ளை நாயோடு. எதற்குப் பதினான்கு என்ற கேள்விக்கு வேறுபாடுகளை ஒன்றொன்றாக எடுத்துக்காட்டுவது இவர் வழக்கம். கேட்டவர் இரண்டாவது பெட்டியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

தீராத தர்மசங்கடம் ஒன்று மட்டும் உண்டு: உறை பிரிக்காத கட்டு. செலோஃபேன் சுற்றியபடியே இருந்தால் விலை அதிகம். ஆனால் உள்ளே எந்த அச்சு என்று பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் விலை போய்விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், குலுக்கிக் காதில் வைக்கிறார். கடைசியில் சமையலறைத் தராசை எடுத்துவந்து, பிரித்துவைத்த பழைய கட்டைப் பெட்டியோடு ஒரு தடவையும் பிரிக்காததை ஒரு தடவையும் நிறுத்துப் பார்க்கிறார். மூன்று கிராம் வித்தியாசம். அது அட்டையின் கனமா, செலோஃபேனின் கனமா என்று தீர்மானிக்க, பிரிக்காத கட்டு இன்னொன்று வாங்க வேண்டியிருக்கிறது.