அடர் அறிபுனைவு மறுவாசிப்பு: ஓர் உருளை நோக்கு

அடர்ந்த அறிபுனைவு நாவலை மீண்டும் வாசிப்பதால் விளையும் பயன்கள் மூவகைப்படும்: தெளிவு, ஐயம், வாய்ச்சண்டை. ஜீன் உல்ஃப் எழுதிய ‘தி புக் ஆஃப் த நியூ சன்’ (1980–83) நாவலின் நான்கு பாகங்களும் இங்கே சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

தெளிவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோட்டைக் கூடத்தில் ஒரு கிழவர் துடைத்துக்கொண்டிருக்கும் ஓவியத்தில் நிற்பவன் முதல் வாசிப்பில் கவச வீரன். மறுவாசிப்பில் நிலவில் இறங்கிய விண்வெளி வீரன்.

ஐயம் சற்று விரிவானது. தான் எதையும் மறப்பதில்லை என்கிறான் கதைசொல்லி செவேரியன். மறதியுள்ள வாசகர் நம்பிவிடுவார், குறிப்பெடுத்தவர் நம்பமாட்டார். போதாக்குறைக்கு, இன்னும் தோன்றாத மொழியிலிருந்து இதைப் பெயர்த்ததாகப் பின்னிணைப்பு சொல்கிறது. மூல ஏடு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும் என்பதால் பாடபேதம் பார்க்க வழியில்லை. பதிப்பாசிரியர்களுக்கு இது பேரிழப்பு. அகராதிக்காரர்கள் மட்டும் தளரவில்லை: இந்நாவலின் சொற்களுக்கென்றே 1994-இல் ‘லெக்சிகன் உர்தஸ்’ வெளிவந்தது.

வாய்ச்சண்டையே தலையாய பயன். உல்ஃப் பொறியாளர், பிரிங்கிள்ஸ் சிப்ஸைப் பொரிக்கும் இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியவர். இதுவே நாவலின் திறவுகோல் என்பார் பென்சிலார் (இரவல் பிரதியொன்றின் விளிம்பில் பென்சிலால் உரை செய்தவர், இயற்பெயர் தெரியவில்லை). சிப்ஸ் எல்லாம் ஒரே வளைவில் வார்க்கப்படுவதால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன, இயல்களும் அவ்வாறே, ஆகவே நாவலை அடியிலிருந்து, அதாவது கடைசி இயலிலிருந்து, மேல்நோக்கி வாசிப்பதே முறை என்பது அவர் துணிபு. அதே பக்கத்தில் நீல மையால் மறுப்பெழுதிய மையார், டப்பா மேற்புறம்தான் திறக்கும் என்கிறார். பென்சிலார் விடவில்லை. முதற்பாகத்துச் சொல்லொன்றை மூன்றாம் பாகத்துச் சொல்லோடு கொண்டுகூட்டி, நச்சினார்க்கினியரே மலைக்கும்படி டப்பாவுக்கு இருபுறமும் வாய் உண்டு என நிறுவுகிறார். மையார் இதற்கு ஒரே ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார். அதன் வளைவு சிப்ஸின் வளைவை ஒத்திருப்பதால் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்பது பென்சிலார் முடிபு. இருவருக்கும் பிற்பட்டவரான எண்ணெய்க்கறையார் எழுத்தால் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் பொருட்சான்று தந்தவர் அவர் ஒருவரே.

மூவரின் உரையும் மூன்றாம் பாகத்தோடு நின்றுவிடுகிறது. நான்காம் பாகத்தின் விளிம்புகள் சுத்தமாக இருக்கின்றன; சில தாள்கள் இன்னும் பிரிக்கப்படாமல் ஒட்டியே உள்ளன.