பரிவுக்கு எத்தனை புள்ளி?

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் முஸ்லிம் அல்லாத மாணவர்கள், நன்னெறிக் கல்வியின் 36 நெறிகளுக்கும் விளக்கத்தைச் சொல் பிசகாமல் உருப்போட்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதிய காலம் ஒன்று இருந்தது. பக்கத்து மேசைக்காரன் அழுதால் என்ன, அது எத்தனையாவது நெறி என்று தெரிந்தால் போதும். மனப்பாடம் செய்தது மனத்தில் நிற்குமே என்பார்கள். நிற்கும், தேர்வு முடியும்வரை. புள்ளி இல்லையென்றால் எவன் படிப்பான் என்பது சற்றே வலுவான வாதம்தான். ஆனால் 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அண்டை வீட்டுச் சேற்றை அள்ள எவருக்கும் விடைத்திட்டம் தேவைப்பட்டிருக்காது. ஆசிரியர்களே, அந்த வெள்ளத்தைக் கண்ட ஒரு பாட்டியை வகுப்புக்கு அழையுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். தயவுசெய்து புள்ளி மட்டும் போடாதீர்கள்.